எதிரி சீனியம்மாள்

இந்தச் சீட்டுக்கு ஆள் இருக்கா? இல்லைல்ல, அப்ப நான் உக்காந்துக்கிறேன். பைய மடியில வச்சுக்குவேன், உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது. மடியில என்ன, பரீட்சை பேப்பரா? டீச்சரா நீங்க? திருத்துங்க, திருத்துங்க. நான் பாட்டுக்கு இருப்பேன், வாயத் தெறக்க மாட்டேன்.

நல்லா அடிக்கிறீங்க டீச்சர் செவப்பு மையில. இந்தா, இந்தப் பிள்ள எழுதின ஒரு வரிய முழுசா அடிச்சிட்டீங்க. தப்பா எழுதியிருந்துச்சோ? ஒரு நாளைக்கு எத்தனை வரி அடிப்பீங்க, நூறு இருக்குமா? ஒருத்தரும் உங்க மேல கேஸ் போட்டதில்லையே. சும்மாதான் கேக்குறேன். எனக்கும் ஒரு வரி அடிக்க வேண்டியிருக்கு. அதுக்குத்தான் காலம்பற மதுரைக்குப் போனேன். அடிக்க ஆள் இல்லாமத் திரும்பி வாறேன்.

இந்தா பாருங்க. பதினாலு பக்கம், கோர்ட்டு முத்திரை போட்டது. முன்னாடி எதையும் படிக்க வேணாம், கடைசிப் பக்கம் கடைசி வரிய மட்டும் படிங்க. நீங்க படிக்க வேணாம், நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம். "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, எதிரி குற்றவாளி அல்ல எனத் தீர்மானித்து விடுதலை செய்து தீர்ப்பளிக்கிறேன்." கேட்டீங்களா? நீங்களும் மத்தவுக மாதிரியே தலைய ஆட்டுறீங்க. விடுதலைதானம்மா, வேற என்ன வேணும்ங்கிறீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாக.

எனக்கு அந்த மொத சொல்லு வேணாம் டீச்சர். சந்தேகம் அவுகளோடது. பலன் மட்டும் எனக்கா? இன்னொருத்தர் சந்தேகத்துல காய்ச்ச பழத்த நான் எதுக்கு வாங்கித் திங்கணும்?

என் பேரு சீனியம்மா. எங்க ஊரு மண்டபத்துல உக்கிராணம் பாத்தேன், இருபத்திரெண்டு வருசம். கல்யாணத்துக்கு வாற அரிசி, பருப்பு, எண்ணெய், நெய், தேங்கா, வத்தல் அம்புட்டையும் அடைச்சு வைக்கிற ரூம்புதான் உக்கிராணம். சமையக்காரர் கேக்கக் கேக்க அளந்து குடுக்கிறது என் வேலை. மிச்சத்த வீட்டுக்காரங்ககிட்ட கைப்பிடி குறையாம ஒப்படைக்கணும். சாவி இந்தா, இந்த இடுப்புலதான் இருக்கும். தூங்கையிலயும் இருக்கும். எங்க வீட்டுக்காரர் செத்த அன்னிக்குக்கூட ஒரு வளைகாப்புச் சாமான் உள்ள இருந்துச்சு. குளிச்சிட்டு வந்து நான்தான் தெறந்து குடுத்தேன். என் சாவிய வேற ஒருத்தர் கையில நான் குடுத்ததே இல்ல.

அதுல வந்துச்சு வினை. மூணு வருசம் முந்தி, தை மாசம், ஒரு பெரிய எடத்துக் கல்யாணம். தாலி கட்டி முடிஞ்சு பந்தி நடக்குது. பொண்ணோட ஆரத்தைக் காணோம். ஏழு பவுனு. மாடியில மணப்பொண்ணு ரூம்புல கழட்டி வச்சதாம். நான் மாடிப்படி ஏறவே இல்ல டீச்சர். எனக்கும் மாடிக்கும் என்ன வேலை? தேடுறாக, அழுறாக, ஒருத்தருக்கொருத்தர் மொறைக்கிறாக. மூணாம் நாளு போலீஸு வந்து மண்டபத்த அலசுறாக. ஆரம் எங்க இருந்துச்சு தெரியுமா? என் உக்கிராணத்துல, மிளகா வத்தல் சாக்குக்குள்ள. கைய விட்டுத் தேடுன லேடி போலீஸுக்கு ஒரு மணி நேரம் தும்மல் நிக்கல.

இப்ப நீங்க படிச்சவுக, சொல்லுங்க. வத்தல் சாக்குக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டு ஒளிச்சவளுக்குக் கை எரிஞ்சிருக்குமா இருக்காதா? கல்யாணத்துக்கு வந்தவள்ல எவ கை எரிஞ்சது, எவ அன்னிக்குத் தேங்காண்ணெய் தேச்சுக்கிட்டு அலைஞ்சான்னு ஒருத்தராவது கேட்டாகளா? கேக்கல. யார்கிட்ட சாவின்னு கேட்டாக. அம்புட்டுத்தான் அவுக விசாரணை.

ஸ்டேஷன்ல ஒரு பெஞ்சுல உக்கார வச்சாக. எடுத்தேன்னு ஒத்துக்க, பொருளும் கெடச்சிருச்சு, பொண்ணு வீட்டுக்காரங்களும் நல்லவுக, பேசி விட்டுருவோம்னு ஒரு ஏட்டையா நயமாத்தான் சொன்னாரு. காகிதமும் பேனாவும் எனக்கு முன்னால வச்சாரு. எனக்கு எழுதத் தெரியாதுன்னுட்டேன். இருபத்திரெண்டு வருசம் சாமான் சிட்டை எழுதின கை இது. எழுதத் தெரியாதுன்னு சொன்னேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் காகிதம் வெள்ளையாவே கெடந்துச்சு. அப்புறம் பதினோரு நாள் உள்ள இருந்தேன். அதைப் பத்திப் பேச வேணாம். அங்கயும் பருப்புல உப்பு சரியில்லைன்னு நான் சண்டை போட்டேன்.

கேஸு நடந்தது ரெண்டரை வருசம். மொத வாய்தாவுக்கு நடந்த கூத்தக் கேளுங்க. உள்ள கூப்பிட்டு நிறுத்துறாக. ஒருத்தர் காகிதத்தப் பாத்து வாசிக்கிறாரு, எதிரி இன்னது செய்தார், எதிரி அன்னது செய்தார்னு. நான் திரும்பித் திரும்பிப் பாக்குறேன். யாருடா அந்த எதிரி, அவனையும் புடிச்சிட்டாக போலயேன்னு எனக்கு ஒரே சந்தோசம். என் வக்கீல் தனுஷ்கோடி பின்னால நின்னு காதுல சொல்றாரு, அம்மா, எதிரின்னா நீங்கதான். கோர்ட்டுல குற்றம் சாட்டப்பட்டவுகளுக்கு அதுதான் பேராம். நான் யாருக்குங்கய்யா எதிரின்னு கேட்டேன். வாயாடாம இருங்கன்னாரு. ரெண்டரை வருசம் டீச்சர், பேரச் சொல்லிக் கூப்பிடுறது வெளிய வராந்தாவுல மட்டும்தான். உள்ள போயிட்டா நான் எதிரி.

தனுஷ்கோடி நல்ல மனுசன். எனக்குப் புரியிற மாதிரி சொல்லுவாரு. திருட்டுன்னா ரெண்டு இருக்கணுமாம். எடுக்கணும்ங்கிற எண்ணம் ஒண்ணு, எடுத்த செயல் ஒண்ணு. ரெண்டையும் நிரூபிக்கிறது போலீஸு பொறுப்பு. நீங்க எதையும் நிரூபிக்க வேண்டாம்மா, பேசாம நின்னாப் போதும்னாரு. பேசாம நிக்கச் சொல்றாரு, என்னைய.

போலீஸு தரப்புல ஒன்பது சாட்சி. அதுல ஒருத்தி குருவம்மா. அவளப் பத்திச் சொல்லணும். அவ முந்தி என்கூடதான் உக்கிராணத்துல கையாளா இருந்தா. ஒரு கல்யாணத்துல ஒரு டின்னு நெய் கொறைஞ்சது. உள்ள இருந்தது நானும் அவளும்தான். நான் எடுக்கல. அப்ப வேற யாரு? நான் போலீஸுக்குப் போனேனா, கேஸு போட்டேனா? கூப்பிட்டேன். நாளையில இருந்து நீ உள்ள வராத, வெளிய குழாயடியில பாத்திரம் கழுவுன்னேன். அவ்வளவுதான். எம்புட்டு மரியாதையா முடிச்சேன் பாருங்க. அவ அழுதா. அழுகிறவள நான் எத்தனை பாத்திருக்கேன்.

அந்தக் குருவம்மாவப் போலீஸு எதுக்குக் கொண்டு வந்தாகன்னா, சாவி சீனியம்மாகிட்ட மட்டும்தான் இருக்கும், வேற யாரும் உள்ள போக முடியாதுன்னு சொல்லுறதுக்கு. சொன்னா. அப்புறம் தனுஷ்கோடி எந்திரிச்சு, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னாரு. குழாயடியில. அங்க இருந்து உக்கிராணக் கதவு தெரியுமா? தெரியும். அன்னிக்குக் கதவு எப்படி இருந்துச்சு? அதுக்கு அவ சொன்ன பதிலு இருக்கே, ஜட்ஜு ஐயாவே பேனாவ வச்சிட்டு நிமிந்து பாத்தாரு.

"கதவு தெறந்து கெடந்துச்சுங்க. ஒரு கால் மணி நேரம் இருக்கும். அக்கா உள்ள இல்ல. அக்கா எடுத்தாகளா எடுக்கலையான்னு நான் பாக்கல. கதவு தெறந்து கெடந்ததத்தான் பாத்தேன்."

தனுஷ்கோடிக்கு முகமெல்லாம் பல்லு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்ல. என் கதவு தெறந்து கெடந்துச்சாம். இருபத்திரெண்டு வருசத்துல என் கதவு ஒரு நாள் தெறந்து கெடந்துச்சுன்னு ஊருல எவளாவது சொல்லட்டும். வராந்தாவுல அவள மறிச்சேன். ஏண்டி, அக்கா எடுக்கலைன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வலிச்சுச்சாடின்னு கேட்டேன். அவ சத்தமே போடல.

"பாக்காதத எப்படிக்கா சொல்றது. நெய் டின்னுல நீங்க பாக்காமச் சொன்னீங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

சொல்லிட்டுப் போயி பைப்புல தண்ணி குடிக்கிறா. என்ன திமிரு பாத்தீங்களா. கோர்ட்டு வராந்தாவுல நெய்ப் பேச்சு எதுக்கு?

திருமங்கலம் தாண்டிட்டமா? தாண்டியாச்சா. கல்லுப்பட்டியும் தாண்டி நான் எறங்கணும். நீங்க திருத்துங்க டீச்சர், நான் பேசிக்கிட்டே வாறேன்.

சாட்சியெல்லாம் முடிஞ்சதும் ஜட்ஜு ஐயா நம்மளையே கேள்வி கேப்பாரு. அதுக்கு மொத நாளு தனுஷ்கோடி என்னைய உக்கார வச்சு மணிக்கணக்கா சொன்னாரு. அம்மா, குருவம்மா சாட்சியத்தால கேஸே நம்ம பக்கம் திரும்பியிருக்கு. ஐயா கதவப் பத்திக் கேப்பாரு. ஆமா தெறந்து கெடந்துச்சு, நான் பந்தியில இருந்தேன்னு சொல்லுங்க. வேற யாரு வேணும்னாலும் உள்ள போயிருக்கலாம்னு ஆயிரும். சுத்தமான விடுதலை. முடியாதுன்னா வாய மூடிக்கிட்டு நில்லுங்க, அதுக்கும் சட்டத்துல உங்களுக்கு உரிமை இருக்குன்னாரு. சரி சரின்னு தலைய ஆட்டிட்டு வந்தேன்.

மறுநாளு ஐயா கேக்குறாரு. சாட்சி குருவம்மாள், சம்பவ நேரத்துல உக்கிராணக் கதவு திறந்து இருந்ததாச் சொல்றாங்க, அதப் பத்தி என்ன சொல்றீங்க? நான் சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, கூண்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு சொன்னேன், "என் கதவு ஒருநாளும் தெறந்து கெடக்காதுங்கய்யா. பூட்டிட்டுத்தான் போனேன். என்னைத் தவிர ஒரு ஈ காக்கா உள்ள போக முடியாது."

தனுஷ்கோடி அப்படியே தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. அரசாங்க வக்கீல் வேற பக்கம் திரும்பிச் சிரிக்கிறாரு. சிரிக்கட்டுமே. நான் திருடி இல்லைங்கிறதுக்காக, கதவத் தெறந்து போட்டுட்டுத் திரியிறவன்னு ஒத்துக்கணுமா? இது எந்த ஊரு நியாயம்?

தீர்ப்புல பன்னெண்டாம் பக்கத்துல எழுதியிருக்காரு. கதவு திறந்திருந்ததுன்னு அரசுத் தரப்பு சாட்சியே சொல்லுது, பூட்டியிருந்ததுன்னு எதிரியே சொல்றாரு, அப்ப எது உண்மைன்னு எனக்கு சந்தேகம் வருது, சந்தேகம் வந்தா அதோட பலனை எதிரிக்குத் தரணும், அதுதான் சட்டம்னு. உங்களாலதாம்மா அந்தச் சொல்லு வந்துச்சுன்னு தனுஷ்கோடி இன்னிவரைக்கும் சொல்றாரு. வக்கீல்களுக்கு எப்பவும் கட்சிக்காரங்க மேலதான் பழி போடத் தெரியும்.

சரி, ஒரு சொல்லுதானேன்னு நீங்க நெனைப்பீங்க. தீர்ப்பு வந்து பத்து நாளு இருக்கும். எங்க தெருவுலயே ஒரு காதுகுத்து. பத்திரிக்கை வச்சுக் கூப்பிட்டாக, போனேன். வாங்க வாங்கன்னு பாயப் போட்டாக. நான் வாசல் நிலையத் தாண்டுறேன், உள் ரூம்புல பீரோ சாவி திரும்புற சத்தம். ஒரு தடவ, ரெண்டு தடவ. கைப்பிடியப் புடிச்சு இழுத்துப் பாக்குற சத்தம். எனக்குச் சாவிச் சத்தம் தெரியாதா டீச்சர்? கல்யாணச் சத்தத்துலயும் எந்தப் பூட்டு எந்தச் சாவின்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். பாயில உக்காந்து காப்பியக் குடிச்சேன். யாரு மேலயும் கோவப்பட முடியல. அவுக என்னையத் திருடின்னு சொல்லல, சந்தேகந்தான் படுறாக. கோர்ட்டே படுதே.

அன்னிக்கே மண்டபத்துக்குப் போனேன். செகரட்டரி தவமணி அண்ணாச்சி எனக்கு அண்ணன் முறை மாதிரி, கெட்டவரு இல்ல. தீர்ப்ப வாங்கிக் கண்ணாடி போட்டுப் படிச்சாரு. கடைசி வரியில வெரல வச்சாரு. "சந்தேகம்னு எழுதியிருக்கே சீனியம்மா. நாளைக்கு ஒரு பொண்ணு வீட்டுக்காரன் கேட்டா நான் என்ன பதிலு சொல்ல? சந்தேகம் இல்லாததா ஒண்ணு கொண்டா, சாவிய அன்னிக்கே தாறேன்" அப்படின்னாரு. அதுவரைக்கும் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு தெரியுமா? குருவம்மாகிட்ட. என் சாவி, அவ இடுப்புல. யாருக்கு லாபம்னு பாருங்க. ஆரத்த அவளே எடுத்து ஒளிச்சு வச்சிருந்தா? நான் பாக்கல. ஆனா எனக்குத் தெரியும்.

என்ன, அவ எடுத்திருந்தா எதுக்குக் கதவு தெறந்து கெடந்துச்சுன்னு சொல்லி என்னையக் காப்பாத்தணும்ங்கிறீங்களா? அது... அது அவளுக்கே தெரிஞ்சிருக்காது. நீங்க டீச்சருங்கிறதால எதையும் கேள்வியாத்தான் கேப்பீங்க போல.

இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்துல கமிட்டி கூடுது. ஆவணி முகூர்த்தம் வருதுல்ல, சாவி யாருக்குன்னு இன்னியோட முடிவு பண்ணி எழுதிருவாக. அதுக்காகத்தான் விடியவும் கெளம்பி மதுரையில ஐகோர்ட்டு வக்கீலம்மா ஒருத்தரப் போயிப் பாத்தேன். தனுஷ்கோடிதான் அனுப்பினாரு, என் தொந்தரவு தாங்காம. அந்தம்மா பொறுமையாப் படிச்சாக. விடுதலை ஆனவுக விடுதலைய எதிர்த்து அப்பீல் போட முடியாதும்மான்னாக. அப்பீல் வேணாம்மா, ஒரு சொல்ல மட்டும் எடுத்துத் தாங்கன்னேன். மனு வேணும்னாப் போடலாம், வருசம் ஆகும், எடுப்பாகன்னு நிச்சயம் இல்லைன்னாக.

நான் கேட்டேன், சீனியம்மா எடுக்கலைன்னு எழுத உங்க சட்டத்துல ஒரு வரி கூடவா இல்லை? அதுக்கு அவுக சொன்னாக, "கோர்ட்டுக்கு உங்க மனசு தெரியாதும்மா. நீங்க எடுத்தீங்களான்னு அது கேக்கல. எடுத்தீங்கன்னு அவங்க நிரூபிச்சாங்களான்னுதான் கேட்டுச்சு. இல்லைன்னு பதில் வந்துருச்சு. அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பாக்காதீங்க."

எதிர்பாக்கக் கூடாதாம். ரெண்டரை வருசம் வாய்தாவுக்கு வாய்தா போயி நின்னது எதுக்கு? அந்த ஒரு வரிக்குத்தான. எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு டீச்சர். அழுதது அவுகளுக்குத் தெரியக் கூடாதுன்னு, நானே இத அடிச்சுக்கிட்டா என்னங்கம்மான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். அந்தம்மா சிரிக்கல. கோர்ட்டுக் காகிதத்தத் திருத்துறது பெரிய குற்றம், ஏமாத்துற எண்ணத்தோட அத இன்னொருத்தர்கிட்டக் காட்டினா வருசக் கணக்குல உள்ள இருக்கணும், இப்ப நீங்க கையில அழுக்கில்லாம இருக்கீங்க, அப்படியே இருங்கன்னாக.

கல்லுப்பட்டி வந்திருச்சா? பத்து நிமிசம் நிப்பான். டீ குடிக்கிறீங்களா? வேணாமா. சரி.

என்ன கேட்டீங்க? நெய் டின்னா? அது கெடச்சிருச்சு. அது நடந்து ஒரு மாசம் கழிச்சு, தேங்காச் சாக்குக்குப் பின்னாடி உருண்டு கெடந்துச்சு. இல்ல, அவகிட்டச் சொல்லல. சொல்லி என்ன ஆகப் போகுது? அப்பவே வேற ஆள உள்ள சேத்துட்டேன். அவளும் பாத்திரத்துக்குப் பழகிட்டா. நான் அவளத் திருடின்னு ஒரு நாளும் சொல்லலையே டீச்சர். உள்ள வராதன்னுதான் சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? இது வேற, அது வேற.

நான் அவள அங்க அனுப்பலைன்னா குழாயடியில யாரு இருந்திருப்பா, கதவ யாரு பாத்திருப்பாங்கிறீங்களா? நீங்க பேப்பர் மட்டும் திருத்துறவுக இல்ல.

சரி, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். தனுஷ்கோடிகிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்குப் பந்தியில மாப்பிள்ளையோட மாமன் ஒருத்தரு, அப்பளம் நமுத்துப் போச்சு, உக்கிராணத்துல ஈரத்துல போட்டு வச்சிருக்காளுகன்னு நூறு பேரு முன்னால சத்தம் போட்டாருன்னு வந்து சொன்னாக. என் அப்பளம் நமுக்குமா? சாக்கு மேல சாக்கு போட்டு, அதுக்கு மேல தகர டின்னுல வச்சிருப்பேன். வந்த ஆத்திரத்துல அப்படியே ஓடினேன். சாவி இடுப்புலதான் இருந்துச்சு, சத்தியமா. பூட்டு கொண்டியில தொங்கிச்சு. பூட்டல. கால் மணி நேரம் இல்ல, இருபது நிமிசம் இருக்கும். திரும்பி வந்து பாத்து எனக்கே பகீர்னுச்சு. யாரும் பாக்கலைன்னு நெனச்சுப் பூட்டினேன்.

குருவம்மா சொன்னது நெசந்தான். கூண்டுல நின்னு பொய் சொன்னது நான்தான். அந்தப் பொய்தான் இந்தக் காகிதத்துல சந்தேகமா வந்து உக்காந்திருக்கு. எனக்குத் தெரியாமலா இருக்கும்? திருடின்னு நெனச்சாலும் நெனைக்கட்டும் டீச்சர், கதவத் தெறந்து போட்டுட்டுப் போனவன்னு ஒருத்தர் நெனைக்கக் கூடாதுன்னு தோணிருச்சு. அப்படி ஒரு கிறுக்குப் புடிச்ச கோட்டிச்சி நான். அதுக்காக நான் எடுத்தவ ஆயிருவேனா? கதவு தெறந்து கெடந்தது என் தப்பு. ஆரம் என் தப்பு இல்ல. ரெண்டையும் தனித்தனியா எழுத ஒரு ஆளு இல்ல பாருங்க இந்த நாட்டுல.

இந்தா, வண்டி கெளம்பிருச்சு. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு.

பேப்பரக் கட்டி வச்சிட்டீங்களா? அந்தப் பேனா மூடி தெறந்திருக்கு, மை காஞ்சிரும். இல்ல, நீங்க எடுக்காதீங்க. நீங்க கையில தூக்கிக் குடுத்தீங்கன்னா உடந்தைம்பாக, உங்களுக்கு வேலை இருக்கு, பென்சன் இருக்கு. நானே எடுத்துக்கிறேன். பாத்துக்கங்க, நீங்க தரல. உங்க சம்மதம் இல்லாம உங்க மடியில இருந்து நான் எடுத்தேன். எடுக்கணும்ங்கிற எண்ணத்தோடதான் எடுத்தேன். தனுஷ்கோடி சொன்னாருல்ல, ரெண்டும் இருக்கு.

வண்டி குலுங்குது, கோடு கோணலாத்தான் போகும். போகட்டும். சந்தேகத்தின்... பலனை... எதிரிக்கு... அளித்து. போச்சு. இன்னொரு எதிரி மிச்சம் இருக்கு பாருங்க, இவனையும் அடிச்சிருவோம். அதுக்கு மேல என் பேர எழுதுறேன். சீ, னி, ய, ம், மா, ள். இப்ப வாசிங்க. வாசிக்க மாட்டீங்களா? நானே வாசிக்கிறேன். "சீனியம்மாள் குற்றவாளி அல்ல எனத் தீர்மானித்து விடுதலை செய்து தீர்ப்பளிக்கிறேன்." எம்புட்டு நல்லா இருக்கு. இத எழுத ரெண்டரை வருசம் ஆச்சு அவுகளுக்கு.

ஏமாத்துறதா? செவப்பு மையில அடிச்சுப்புட்டு யார ஏமாத்த முடியும் டீச்சர்? அண்ணாச்சி கண்ணாடி போட்டுப் பாத்தவுடனே தெரியும். கமிட்டி மேசையில விரிச்சு வைக்கப் போறேன். யாரு அடிச்சதும்பாரு. நான்தாம்பேன். கூண்டுல சொல்லாததையும் அங்க சொல்லிருவேன், கதவு தெறந்துதான் கெடந்துச்சு, குருவம்மா பாத்தது சரின்னு. நெய் டின்னையும் சொல்லணுமா? பாக்கலாம். அவ மொகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன். சாவி தாராகளா இல்லையா, அது அவுக பாடு. கேஸு போடுறாகளா, போடட்டும்.

இந்தாங்க பேனா. மூடி போட்டிருக்கேன், சரியாப் பாத்து வாங்கிக்கங்க. எங்க ஸ்டாப்பு வந்திருச்சு. யாராவது வந்து கேட்டா, என்னையக் காப்பாத்துறதுக்காக எதையும் சொல்லாதீங்க டீச்சர். பாத்தத மட்டும் சொல்லுங்க. எடுத்தது சீனியம்மா, அடிச்சது சீனியம்மா, நீங்க பக்கத்துல உக்காந்து கண்ணால பாத்தீங்க. இந்தக் கேஸுல எவனும் எனக்குச் சந்தேகத்தின் பலனத் தரக் கூடாது.